மே 6, மே 10, மே 19: பிரசவத் தேதியில் எதை நம்புவது?

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் இருக்கும் என் அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். “சித்தி, எனக்கு மூணு தேதி வந்திருக்கு. எதை வச்சு நான் கீழ இறங்கறது?” தலைப்பிரசவம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வரவேண்டும் என்பதால் அவள் கேள்வியின் அவசரம் எனக்குப் புரிந்தது.

மே 10 என்பது நாள் கணக்கு. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். நாலு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். நம் பாட்டிமார் சொன்ன கணக்கேதான். அந்த முதல் நாளோடு 7 நாள் கூட்டி மூன்று மாதம் பின்னால் போனால் தேதி கிடைத்துவிடும். ஜெர்மன் மருத்துவர் நெகேலேயின் பெயரில் வழங்கும் முறை இது. இவளுக்கு அந்த நாள் ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 3. அதனால் மறக்கவும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் விலக்கு வருபவர்களுக்கானது. இவளுக்கு 35 நாள் ஆகும். கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளிவந்திருக்கும், அப்போதே தேதி மே 17-க்குப் போய்விடுகிறது.

மே 19, அக்டோபர் நடுவில் எடுத்த முதல் ஸ்கேன் சொன்னது. என் ஓட்டு இதற்குத்தான். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால் வயது 5 முதல் 7 நாள் வித்தியாசத்துக்குள் தெரிந்துவிடும். 9 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் நாள் கணக்கோடு 7 நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே 9 நாள்.

மே 6, எட்டாம் மாத ஸ்கேன் சொன்னது. அதற்குள் அப்பா அம்மா வாகு, சத்து, சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு குழந்தை பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் வளர்ந்திருக்கும். மூன்று வாரம் வரை பிசகலாம். வளர்ச்சி எப்படி என்று பார்க்க அந்த ஸ்கேன் அவசியம், தேதியை மாற்ற அல்ல.

செவிலியர் டேப்பால் வயிற்றை, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் மேல் விளிம்பு வரை, அளப்பதும் நல்ல வழிதான். 20 வாரத்துக்குப் பிறகு எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் அதிகம் என்றால் மாறும். குழந்தை முதலில் துள்ளிய நாளை வைத்துச் சொல்வது இன்னும் தோராயம்.

இவ்வளவு அலசுவதற்குக் காரணம் இருக்கிறது. மே 10-ஐப் பிடித்துக்கொண்டால் மே 17-க்கே “ஒரு வாரம் தாண்டிவிட்டது” என்று வலி வர மருந்து வைக்கும் பேச்சு வரும். உண்மையில் அன்று 40 வாரமே முடிந்திருக்காது.

சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நாலைந்துதான். மே 19 கணக்கில் ஏப்ரல் 28-க்கு 37 வாரம் முடிகிறது, அதன் பிறகு எந்த நாளும் வலி வரலாம். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதை எப்படி நெரியும் என்று ஊரறியும். எந்தத் தேதியை வைத்துப் பார்க்கிறார்கள் என்று டாக்டரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கச் சொன்னேன். அப்புறம், ஏப்ரல் கடைசி வாரமே சேலம் அஸ்தம்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.