சாட்ஸ்வொர்த் பன்னி கடையும் அயோவா அஃபென்ஸும்: மூணு சீசன் உக்காந்து சாப்ட்டவன் ரிவ்யூ

மார்க்க மொதல்லயே போட்டுடுறேன், கதை கேக்க பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். மட்டன் குவாட்டர் பன்னி, அதாவது கால் லோஃப் ரொட்டிய தோண்டி கறி ஊத்துற டர்பன் சாப்பாடு, பன்றி இல்ல, அஞ்சுக்கு அஞ்சு. கூட வர்ற சாலட், சாம்பல்ஸ்னு பேரு, அதுக்கு நாலு. மெனுல மிச்சம் இருக்குறது எல்லாத்துக்கும் சேத்து ரெண்டரை, அதுவும் போன வருஷம் ஏறுனது, 2023ல கேட்டிருந்தா ஒண்ணு கூட குடுத்திருக்க மாட்டேன். பின் ரூம் டிவிக்கு மூணு, வைஃபைக்கு ரெண்டு.

கடை பேரு எழுத மாட்டேன். கடைக்கார அண்ணன் பையனப் பத்தி நாலு வார்த்தை கடுமையா வரப்போவுது, பய நல்லவன், பேரோட போட்டு சந்தி சிரிக்க வெக்க வேணாம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல, இந்த சாட்ஸ்வொர்த்ல இருக்குறவங்களுக்கு ஒரு அடையாளம் போதும்: வாசல்ல கையால எழுதி மாட்டிருப்பாங்க, "ரொட்டி தீந்தா கடை மூடிரும்"னு, அதுவும் தமிழ்ல ஒரு தடவ இங்கிலீஷ்ல ஒரு தடவ, தமிழ்ல எழுதுனது கடை ஆயா.

நான் எப்படி அங்க போய் ஒட்டிக்கிட்டேன்னா, டர்பனுக்கு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அயோவா சிட்டில படிச்சேன், படிப்பு மறந்துபோச்சு, அயோவா ஹாக்ஐஸ்னு அந்த காலேஜோட அமெரிக்க ஃபுட்பால் டீம் மட்டும் சனியன் மாதிரி கூடவே வந்துருச்சு. அங்க சனிக்கிழம காலைல பதினோரு மணிக்கு ஆட்டம்னா இங்க செப்டம்பர்ல சாயங்காலம் ஆறு. வீட்ல தனியா உக்காந்து பாத்தா ஒப்பாரி வெக்கத்தான் தோணும், அப்படி ஒரு ஆட்டம் அது. 2023 செப்டம்பர்ல ஒரு நாள் பன்னி வாங்கப் போனப்ப அண்ணன்கிட்ட கேட்டேன், பின் ரூம் டிவில என் லேப்டாப்ப சொருகிக்கவான்னு. முன்னாடி பெரிய டிவில ஆறரைக்கு பிரிமியர் லீக், அதத் தொட்டா கொலை விழும். "வாட் கைண்ட் தம்பி, நீ சாப்டுறதா இருந்தா எந்த கேமும் பாரு"ன்னாரு. அவ்ளோதான், மூணு சீசன் ஓடிப்போச்சு.

மொதல்ல மட்டன் குவாட்டர். கால் லோஃப் வெள்ளை ரொட்டிய தோண்டி அதுக்குள்ள கறி, தோண்டுன ரொட்டிய மேலயே மூடி மாதிரி வெச்சுக் குடுக்குறது டர்பன்ல எந்த கடைலயும் கிடைக்கும். இங்க என்ன விசேஷம்னா உருளக்கெழங்கு. அது கறியில வெந்து பாதி கரைஞ்சு கிரேவியோட கிரேவியா நிக்கும், ரொட்டியோட அடி ஊறும் ஆனா ஒழுகாது, கடைசி வாய் வரைக்கும் கையில நிக்கும். மசாலா ஆயாவோட கணக்கு, கறிவேப்பில தூக்கலா இருக்கும். மழை பெஞ்சாலும் சரி, 2023ல தெனம் லோட்ஷெடிங் போட்டு உயிர எடுத்தப்பவும் சரி, ஒரு தடவ கூட ருசி மாறல, கேஸ் அடுப்புல மெழுகுவத்தி வெளிச்சத்துல செஞ்ச கறியும் அதே கறிதான். சாம்பல்ஸ்ல கேரட், வெங்காயம், பச்ச மொளகா, வினிகர், அளவு கொஞ்சம் கம்மி, இன்னொரு கப் கேட்டா கடைக்கார அக்கா முறைப்பாங்க ஆனா குடுப்பாங்க. வெல 100 ராண்டத் தாண்டிடுச்சு, நியாயந்தான்.

இப்ப பிரச்சன. மெனு போர்டு. நான் போன புதுசுல அதுல பீட்சா இருந்துச்சு, அடுத்த மாசம் ஷவர்மா, அதுக்கடுத்து சுஷி, சத்தியமா சுஷி, சாட்ஸ்வொர்த்ல மட்டன் மசாலா வாடை அடிக்கிற கடைல. எல்லாம் அண்ணன் பையனோட வேல. அடுப்பு அப்பா கையில, போர்டு பையன் கையில. பீட்சா ஆர்டர் பண்ணா நாப்பது நிமிஷம், வந்தா நடுவுல மாவு வேகல. ஷவர்மா ஒரு வாரம் காரம், மறு வாரம் சப்புன்னு. ஏன்டா இப்படின்னு கேட்டா "ட்ரை பண்றோம் அங்கிள்"னான், எனக்கு முப்பத்தி நாலு வயசுதான் ஆவுது, அத விடுங்க.

அந்த நேரம் பாத்து பின் ரூம் டிவில ஓடிட்டு இருந்தது என்னன்னா, அப்பா தலைமை கோச், மகன் அஃபென்ஸ், அதாவது பந்த கொண்டுபோய் புள்ளி எடுக்குற பக்கத்துக்கு கோச். கர்க் ஃபெரன்ஸ் 1999ல இருந்து அயோவாவோட ஹெட் கோச், மகன் பிரையன் ஃபெரன்ஸ் 2017ல இருந்து அஃபென்ஸுக்கு பொறுப்பு. டிஃபென்ஸ் நாட்டுலயே ஒண்ணாம் தரம். அஃபென்ஸ்? 2022ல மொத ஆட்டம், சவுத் டகோட்டா ஸ்டேட்னு கீழ் டிவிஷன் டீம், அவங்கள 7-3ன்னு ஜெயிச்சாங்க. அந்த ஏழு எப்படி வந்துச்சு தெரியுமா, ஒரு ஃபீல்டு கோல் மூணு, மிச்ச நாலு டிஃபென்ஸ் அடிச்ச ரெண்டு சேஃப்டி, எதிராளிய அவன் எல்லைக்குள்ளயே அமுக்குனா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு புள்ளி. பந்தோட எல்லைய தாண்டுற டச்டவுனே கெடையாது. இத அண்ணன்கிட்ட வெளக்கிட்டு இருந்தேன், நாலு சான்ஸுல பத்து யார்டு போவணும்ணே, இவங்களால அது முடியல, அதனால நாலாவது சான்ஸுல ஒரு ஆஸ்திரேலியாக்காரன் வந்து பந்த தூக்கி ஒதச்சிட்டுப் போவான், அவந்தான் டீமோட ஸ்டாருன்னு. டோரி டெய்லர், மெல்போர்ன் பையன், 2023ல நாட்டுலயே சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருது வாங்குனான், மறுவருஷம் என்எஃப்எல் டீமு சிகாகோ பேர்ஸ், காலேஜ் பசங்கள பொறுக்குற டிராஃப்ட்ல நாலாவது ரவுண்டுலயே எடுத்துக்கிச்சு. பின் ரூம்ல ரக்பி பாக்க வர்ற மாமாங்களுக்கு அமெரிக்க ஃபுட்பால் ஒரு எழவும் புரியாது, ஆனா அவன் ஒதை மட்டும் புரிஞ்சுது, ஒவ்வொரு ஒதைக்கும் கை தட்டுவாங்க. ஆயா கூட ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு, "ஏம்பா, பந்து கெடச்சதும் கெடச்சதும் எதுக்கு அவன் எதிராளிக்கே குடுக்குறான்"னு கேட்டாங்க. ஹாக்ஐஸ் ரசிகன் அத்தன பேரு மனசுலயும் இருந்த கேள்வி அது.

அண்ணன் கேட்டது வேற. "அந்த அப்பா ஏன் தம்பி மகன மாத்தல?" கேட்டுட்டு பையன் பக்கம் திரும்பிக்கூட பாக்கல, நானும் பாக்கல, ஆனா ரூம்ல எல்லாரும் பாத்தாங்க.

காண்ட்ராக்ட் கதைய நான் சொல்லியிருக்கக் கூடாது. 2023 ஆரம்பத்துல பிரையனோட சம்பளத்த 850,000 டாலருக்கு கொறச்சு ஒரு ஷரத்து போட்டாங்க, டீம் சராசரியா ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்கணும், ஏழு ஆட்டமாவது ஜெயிக்கணும்னு. வேடிக்கை என்னன்னா டிஃபென்ஸ் போடுற புள்ளியும் அதுல சேத்தி. இத அக்கா கேட்டுட்டாங்க. அடுத்த நாளே பையனுக்கு சட்டம்: சனிக்கிழமைக்கு 25 தட்டு உன் ஐட்டம் போவணும், போவலன்னா போர்ட கழட்டிருவேன். பய உஷார், அவன் ஃபிரெண்ட்ஸ் ஓசில தின்ன தட்டையும் கணக்குல எழுதுனான், நான் சொன்னேன், அக்கா, அயோவாலயும் இப்படித்தான்.

ஆனா கணக்குல எவ்ளோ எழுதுனாலும் புரட்டாசி வந்தா வேஷம் கலைஞ்சிரும். இங்க தமிழ் வீடுங்கள்ல புரட்டாசி எவ்ளோ கெடுபிடின்னு ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு மொதல்ல நம்ப முடியாது, நம்ம ஊர்ல கூட இவ்ளோ இல்ல. செப்டம்பர் நடுவுல இருந்து ஒரு மாசம் கடைல கறி கெடையாது. சுகர் பீன்ஸ் பன்னி, ரசம், அவ்ளோதான். அதாவது மெயின் ஆளு ஒரு மாசம் பெஞ்சுல. பையனுக்கு அதுதான் சான்ஸ். வெஜ் பீட்சான்னு போட்டான். புரட்டாசி மொத சனி ராத்திரி, இங்க மணி ஒண்ணரை, கடை மூடியாச்சு, வீட்ல போன்ல பாக்குறேன், பென் ஸ்டேட்கிட்ட 31-0ன்னு தோல்வி. அயோவா மொத்த ஆட்டத்துலயும் எடுத்தது 76 யார்டு. மறுநாள் கேட்டா வெஜ் பீட்சா ஆறு போயிருக்கு.

அக்டோபர் 21 மறக்கவே மாட்டேன். ஒன்பது மணிக்கு ரக்பி வேர்ல்ட் கப் செமி, எங்க தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும், ஒன்பதரைக்கு அயோவாவும் மினசோட்டாவும். முன் ரூம்ல 16-15 ஜெயிச்சு கட்டடமே ஆடுது, பின் ரூம்ல நான் தனியா, 12-10 தோத்தாச்சு. அடுத்த வாரம் ஃபைனல்ல நியூசிலாந்த 12-11, அந்த பன்னெண்டும் போலார்ட் அடிச்ச நாலு பெனால்ட்டி, நம்ம பக்கம் எல்லைக்கோட்டுக்கு அப்பால பந்த ஊனுற ட்ரை ஒண்ணு கூட இல்ல. அண்ணன் என் தோள்ல அடிச்சு சொன்னாரு, "ட்ரையே போடாம கப்பு வாங்கியாச்சு, நீ என்னத்துக்கு அழுவுற?" எனக்கு பதில் வரல. ரெண்டு நாள் கழிச்சு, அக்டோபர் 30, பிரையன் இந்த சீசனோட வீட்டுக்குன்னு யுனிவர்சிட்டி அறிவிச்சுருச்சு.

அன்னிக்கு ராத்திரி யோசிச்சதுதான் இந்த ரிவ்யூவோட சாரமே. ஸ்பிரிங்பாக்ஸ், அதான் தென்னாப்பிரிக்கா டீம், ட்ரை போடாம ஜெயிச்சாலும் அவங்க என்ன பண்ணப் போறாங்கன்னு எதிராளிக்கு தெரியும், தெரிஞ்சும் தடுக்க முடியாது, ஸ்க்ரம், ஒதை, அமுக்கு. அயோவா என்ன பண்ணப் போவுதுன்னும் எதிராளிக்கு தெரியும், தெரிஞ்சுதான் தடுத்தான். அந்த வருஷம் பத்து ஆட்டம் ஜெயிச்சாங்க, சராசரி 15.4 புள்ளி, மொத்த யார்டுல நாட்டுலயே கடைசி, கடைசி ரெண்டு ஆட்டம் 26-0, 35-0ன்னு தோல்வி. டிஃபென்ஸ் மட்டன் பன்னி மாதிரி தாங்கிப் பிடிச்சுது, போர்டுல இருந்த மிச்சமெல்லாம் சுஷி.

2024 தொடக்கத்துல அக்காவே போர்ட பையன் கையில இருந்து புடுங்கிட்டாங்க. உம்ஹ்லாங்கா பக்கம் ஹோட்டல் கிச்சன்ல வேல பாத்த அவங்க தம்பி மவன் வந்து சேந்தான். அண்ணன் பையன் கல்லாவுக்கும் டெலிவரிக்கும் போனான், சொல்லணும்ல, அதுல பய கில்லாடி, பைக் அனுப்புறதுல பத்து நிமிஷம் பிசகாது, தப்பான எடத்துல நின்னுட்டு இருந்திருக்கான் இத்தன நாளா. அயோவாலயும் டிம் லெஸ்டர்னு புது ஆளு. அவரு பழச தூக்கிப் போடல, அந்த அவுட்சைடு ஸோன் ஓட்டத்தையே வெச்சுக்கிட்டாரு, லைன்ல இருக்குற அஞ்சு பேரும் ஒரே பக்கமா சேந்து நகருவாங்க, பந்து வெச்சிருக்குறவன் பின்னாடியே போயிட்டு எங்க சந்து கெடைக்குதோ அங்க பாய்வான், பாரதி தெருல தேர் போறப்ப கூட்டத்துல சைக்கிள்காரன் பூர்ற மாதிரி. கேலப் ஜான்சன் அப்படி பூந்து பூந்தே 1,537 யார்டு, 21 டச்டவுன். ஆனா பாஸ் படுத்த படுக்கைதான், பந்த வீசுற குவாட்டர்பேக் மூணு பேர மாத்துனாங்க, ஒரு வாரம் 40-0 ஜெயிப்பாங்க, மறு வாரம் அயோவா ஸ்டேட்கிட்ட ஒரே புள்ளில தோப்பாங்க. கடையும் அந்த வருஷம் அப்படியேதான், நல்ல சனி, கெட்ட சனி.

அப்புறம் தம்பி மவன் கண்டுபுடிச்சது சிப்ஸ் சீஸ் ரொட்டி, லோஃப் இல்ல, சப்பாத்தி மாதிரி ரொட்டில சிப்ஸும் சீஸும் வெச்சு சுத்துறது. புதுசு ஒண்ணும் இல்ல, டர்பன் பூரா விக்குறதுதான், ஆனா இவன் ஊத்துறது அதே மட்டன் கிரேவி, அதே ஆயா மசாலா. புரட்டாசில அதே மசாலால பீன்ஸ் கிரேவி. பத்து நிமிஷத்துல வந்துரும். ஃபுட்பால்ல ஓட்டம் மாதிரியே காட்டி குவாட்டர்பேக் கடைசில பந்த வீசுவான்ல, ப்ளே ஆக்‌ஷன், ஓட்டத்துக்கு பயந்தவன்தான் அதுல ஏமாறுவான், பயமே இல்லாதவன ஏமாத்த முடியாது. பீட்சாவுக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் அங்கதான் இருக்கு, ரொட்டி மட்டனோட தோள்ல ஏறி நிக்குது.

2025ல வந்த குவாட்டர்பேக் மார்க் குரோனோவ்ஸ்கி. யாருன்னு பாத்தா, அந்த 7-3 ஆட்டத்துல சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்கு ஆடுனவனே. பயலுக்கு கை சுமார், காலு பிரமாதம், தானே ஓடி டச்டவுன் போட்டான். புரட்டாசி ரெண்டாவது சனி இண்டியானாகிட்ட 20-15, பீன்ஸ் ரொட்டி கையில இருக்கறப்பவே போச்சு, ஆனா ரொட்டி நல்லா இருந்துச்சு. விஸ்கான்சின 37-0, மினசோட்டாவ 41-3, அப்புறம் ஓரிகன்கிட்ட 18-16னு தோல்வி. நாலு தோல்வி, நாலும் சேத்து பதினஞ்சே புள்ளி. கடைசில வாண்டர்பில்ட்ட 34-27. டிஃபென்ஸ் 27 விட்டும் அயோவா ஜெயிச்சுதுன்னு சொன்னப்ப அண்ணனே நம்பல, ஸ்கோர காட்டுன்னாரு.

போறவங்களுக்கு: சனிக்கிழம அஞ்சரைக்குள்ள போயிருங்க, ஏழு மணிக்கு மேல ரொட்டி இருக்காது. பார்க்கிங் எதிர்ல, கார் பாத்துக்குற தாத்தாவுக்கு அஞ்சு ராண்ட் குடுங்க. மட்டன் குவாட்டர் ஒண்ணு, ரெண்டு பேர் போனா நடுவுல ஒரு சிப்ஸ் சீஸ் ரொட்டி. போர்டோட கீழ் மூலைல சின்னதா இன்னும் பீட்சான்னு எழுதியிருக்கும், அண்ணன் அழிக்க மாட்டேங்குறாரு, அதப் பத்தி கேக்காதீங்க. பின் ரூம்ல ஜன்னலோரம் நாற்காலி ஆயாவோடது. உக்காந்தீங்கன்னா எழுப்ப மாட்டாங்க, பக்கத்துல வந்து நின்னு டிவிய பாத்து, "இன்னைக்கும் ஒதச்சிட்டானா?"ன்னு மட்டும் கேப்பாங்க.