அம்பாப் பாட்டும் ஃபான் இரைச்சலும்: ஓடாசிட்டியோடு ஆறு வருடம்

கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைத் திருகோணமலைக் கரையோரத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிந்து வருகிறேன். உப்புவெளியில் ஒரு அப்பு பாடிய மூன்று பாட்டில் தொடங்கியது, ஆறு வருடம் ஓடிவிட்டது. அன்றிலிருந்து ஒலி திருத்துவது ஓடாசிட்டி என்ற இலவசக் கணினி மென்பொருளில்தான்.

எடுத்த எடுப்பிலேயே அதைத் தெரிவுசெய்துவிடவில்லை, வேறு இரண்டு மென்பொருளையும் பார்த்தேன். ஓசன்ஓடியோவும் இலவசம். ஒலியை மாற்றும் ஒரு எஃபெக்ட்டைக் கூட்டிக் குறைக்கும்போதே அதில் காதால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பல தடங்களை, அதாவது தனித்தனிப் பதிவுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வழியில்லை. பாடுகிறவருக்குப் பின்னால் கூட்டுக்குரல் தனிப் பதிவாக வந்தால் சிக்கல். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு சலுகை விலை உரிமம் 60 டொலர். இசை அமைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். என் வேலைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

ஓடாசிட்டியில் இரைச்சல் குறைப்பது இரண்டு படி. யாரும் பேசாத ஐந்து விநாடியைத் தெரிவுசெய்து 'இதுதான் இரைச்சல்' என்று முதலில் காட்டிக் கொடுக்க வேண்டும். அப்புறம் முழுப் பதிவையும் தெரிவுசெய்து எத்தனை டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறைப்பது என்று சொல்ல வேண்டும். நான் ஆரம்பத்தில் 24 வைத்தேன். இரைச்சல் துடைத்தது போலப் போய்விட்டது. அப்புவிடம் போட்டுக் காட்டினேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "தம்பி, இது என்ர குரல் இல்லையே. கிணத்துக்குள்ள இருந்து ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். இரைச்சலோடு சேர்த்து அவருடைய மூச்சையும் கரகரப்பையும் நான் வழித்து எடுத்திருந்தேன். அன்றிலிருந்து 6 டெசிபல், போதாவிட்டால் புதிதாக மாதிரி எடுத்து இன்னொரு 6. அதற்கு மேல் போவதில்லை.

ஃபான் சத்தம் சுலபமாகப் போகும், ஏனென்றால் அது முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி. கடல் அப்படியில்லை. ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு சத்தம். அதோடு அலையின் 'ஸ்ஸ்' நம் பேச்சின் ச, ஸ ஒலிகள் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். அதைப் பிய்த்தால் சொல்லும் கிழியும். எந்த மென்பொருளை வாங்கினாலும் இதைப் பதியும்போதே கவனிக்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டிய அறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக், மைக்குக்குப் பஞ்சு உறை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் போய்விடுவேன். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 தடவை அதிர்கிறது, அதன் 'ம்ம்ம்' பதிவுக்குள் வந்தால் 100, 150 என்று மேலேயும் தலைகாட்டும்.

குறை என்றால், 3.2 பதிப்பில் பல எஃபெக்ட்டுகளை ஓடவிட்டுக்கொண்டே மாற்றும் வசதி வந்தபோதும் இரைச்சல் குறைப்புக்கு அது கிடைக்கவில்லை. போட்டு, கேட்டு, பிடிக்காவிட்டால் பின்வாங்கி மறுபடி போட வேண்டும். நீண்ட பதிவென்றால் கை சலித்துவிடும். 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து முழு வேலையும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுவது பெரிய நிம்மதி. பென்டிரைவில் கொண்டுபோக அந்த ஒன்றே போதும்.

திருத்தாத மூலப் பதிவை வேவ் கோப்பாகத் தனியே வைத்திருந்ததால், போன மாதம் அப்புவின் முதல் பாட்டைத் திரும்ப எடுத்து 6 டெசிபலோடு நிறுத்தினேன். இரண்டாவது அடியில் ஒரு காகம் கரைகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.