டப்பாவா, பேலியோவா, வீட்டு அடுப்பா?

உணவை மாற்றித்தான் எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவான பிறகு, திருச்சி போன்ற ஊரில் இருப்பவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. மாதச் சந்தா கட்டி, டயட் சாப்பாட்டை டப்பாவில் வரவழைக்கலாம். மாவுச்சத்தைக் கிட்டத்தட்டக் கைகழுவிவிடும் பேலியோவுக்குப் போகலாம். அல்லது வீட்டில் ஏற்கெனவே கொதிக்கும் சாம்பாரையே வைத்துக்கொண்டு, சமைக்கும் விதத்தையும் தட்டில் விழும் அளவையும் மாற்றலாம். எங்கள் குடும்பத்தில் மூன்றுமே நடந்தன. டப்பா என் கணவருக்கு, பேலியோ என் தம்பிக்கு, மூன்றாவது மாமனார் மாமியார் உட்பட எங்கள் நால்வருக்கும். நான் மூன்றாவதன் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கம் ஒரு பரிசோதனை அறிக்கை. கணவரின் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6-ஐத் தாண்டியிருந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எனக்குச் சர்க்கரை இல்லை, இடுப்பளவுதான் பிரச்சினை. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே நமக்கு அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். மேல்நாட்டு அட்டவணையில் 25, 30 என்று பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் கவனிக்க. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த வரிசையில் நிற்காமல் விலகிப் போக வழி உண்டா என்பதுதான் எங்கள் வீட்டுக் கேள்வி.

முதலில் டப்பா. இதன் வசதியை மறுக்க முடியாது. யோசிக்க வேண்டாம், நறுக்க வேண்டாம். இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் என்று மூடியிலேயே சீட்டு ஒட்டி வரும். அளவு கட்டுப்பட்டதாக இருப்பதால் எடையும் குறையும். கணவருக்குக் குறையவும் செய்தது. ஒரு வேளைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும், ஞாயிறு நீங்கலாக இரண்டு வேளைக்கு மாதம் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை என்பதால் மதியத்துக்கு மட்டும் வரவழைத்தோம். அங்கேதான் சிக்கல். மதியம் பழுப்பரிசிச் சோறும் வேகவைத்த புரோக்கோலியும் சாப்பிட்ட மனிதர், அலுவலகத்திலிருந்து பசியோடு வந்து இரவில் ஐந்து தோசை சாப்பிடுவார். டப்பா அனுப்புகிறவருக்கு அந்த ஐந்து தோசையைப் பற்றிக் கவலை இல்லை. மூடியில் ஒட்டியிருந்த எண்ணையும் நான் முழுதாக நம்பவில்லை. ஒரு நாள் பனீரில் எண்ணெய் மிதந்தது, சீட்டில் இருந்த கலோரி மட்டும் மாறவே இல்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அதைவிடப் பெரிய குறை, சந்தாவை நிறுத்திய அன்று நம் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. எவ்வளவு சோறு போதும், பொரியலில் எவ்வளவு தேங்காய் போடலாம் என்பதெல்லாம் அந்தச் சமையலறைக்குத்தான் தெரியும். பணம் கட்டும் வரை மெலிந்திருக்கலாம்.

பேலியோவைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுவது நியாயமில்லை. பத்தாண்டுகளுக்கு முன் முகநூல் வழியாகத் தமிழ்நாட்டில் அது பரவியபோது, அதுவரை எந்த டயட்டையும் தொடாதவர்களைக்கூட அது இழுத்தது. காரணம் எளிது: பசி இல்லாமல் எடை இறங்கும். முட்டை, இறைச்சி, மீன், வெண்ணெய், காய்கறி. சைவர்களுக்குப் பனீரும் காலையில் நூறு பாதாமும். நூறு பாதாம் என்பது ஏறக்குறைய 700 கலோரி, அதாவது பத்துப் பன்னிரண்டு இட்லிக்குச் சமம். ஆனாலும் புரதமும் கொழுப்பும் வயிற்றை நிறைத்துவிடுவதால் மதியம் வரை வேறு எதுவும் தேவைப்படாது. தம்பிக்கு முதல் இரண்டு வாரங்களிலேயே எடை மளமளவென்று இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். பிறகு கொழுப்பும் கரைந்தது. மொத்தத்தில் பன்னிரண்டு கிலோ. ரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இறங்கியது. வேகத்தில் இதை வீட்டுச் சமையல் ஒருபோதும் முந்தாது.

அவன் அம்மா வீட்டில் இருந்தவரை எல்லாம் சரியாக நடந்தது. மற்றவர்களுக்கு இட்லி ஊற்றிய கையோடு அம்மா அவனுக்கு முட்டை பொரித்தார், மீன் வறுத்தார். கல்யாணம் ஆனது. வந்த பெண் முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண். வங்கி வேலைக்குப் போகிறவள், காலை எட்டரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு சமையல் எத்தனை நாள் நடக்கும்? பொங்கல் வந்தது, மாமனார் வீட்டு விருந்து வந்தது, தலை தீபாவளி வந்தது. குறைந்ததில் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிட்டது. பேலியோ தோற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த உணவுமுறையை நடத்திக்கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார், பிறகு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் இதில் இறங்கினால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஆக, என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: வீட்டில் ஒரு சமையலா, இரண்டு சமையலா? விலை, வேகம், ருசி எல்லாம் அதற்குப் பிறகு. எந்த உணவுமுறையும் ஓராண்டு ஓடினால்தான் உடம்பில் நிற்கும். தனிச் சமையல் கேட்கும் முறை, யாரோ ஒருவரின் பொறுமையைத் தின்றுகொண்டே ஓடுகிறது. பெரும்பாலும் அந்த யாரோ ஒரு பெண். பொறுமை தீரும் நாளில் டயட்டும் தீர்ந்தது. நடுக்கூடத்தில் எல்லோரும் வத்தக்குழம்பைப் பிசைந்து சாப்பிடும்போது, ஒருவர் மட்டும் மூலையில் டப்பாவைத் திறப்பது என்பதும் நெடுநாள் தாங்காது. கணவர் ஒரு நாள் சொன்னார்: "எனக்கென்று தனியாக எதுவும் வேண்டாம். எல்லோருக்கும் வைப்பதையே எனக்கும் வை, ஆனால் நான் குண்டாகாதபடி வை." கோபம்தான் வந்தது. ஆனாலும், செய்து முடிக்கக்கூடிய கோரிக்கை அதுதான் என்று தெரிந்தது.

ஒரே சமையலில் நால்வருக்கும் குறைக்கக்கூடியது, அதுவும் யார் நாக்குக்கும் பெரிதாகத் தெரியாமல் குறைக்கக்கூடியது எண்ணெய். சோற்றைக் குறைத்தால் மாமனார் முகம் மாறும், உப்பைக் குறைத்தால் எல்லோர் முகமும் மாறும். எண்ணெய் அப்படியல்ல. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளைக்கு 2,000 கலோரி உணவுக்கு வகுத்த அளவுப்படி, கண்ணுக்குத் தெரியும் எண்ணெயும் நெய்யும் சேர்த்து ஒருவருக்கு 27 கிராம். நான்கு பேருக்கு ஒரு மாதத்துக்கு மூன்றேகால் கிலோ, லிட்டரில் சுமார் மூன்றரை. எங்கள் வீட்டில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரேஷனில் 25 ரூபாய்க்கு வரும் பாமாயில், நெய் எல்லாம் கூட்டினால் ஆறு லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. தனித்தனியாக வாங்குவதால் யாருக்கும் கண்ணில் படவில்லை.

இடையிலுள்ள இரண்டரை லிட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. மொத்தம் இருபதாயிரம் கலோரிக்கு மேல். நான்கால் வகுத்தால் ஆளுக்கு மாதம் ஐயாயிரம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பார்கள். எனவே வேறு எதையும் தொடாமல், எண்ணெயை மட்டும் சரி செய்தாலே மாதம் அரைக் கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். இது காகிதக் கணக்கு, உடம்பு இவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படியாது. திசை மட்டும் சரிதான்.

எப்படிக் குறைத்தோம் என்றால், முதல் தேதியன்று மூன்றரை லிட்டரை எடுத்து வைத்துவிடுவது, அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். குழம்புக்குத் தாளிப்பதைக் கடைசியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் செய்தால், வாசனை மேலாக நிற்கும், அடியில் மூன்று கரண்டி ஊற்றியதுபோல் இருக்கும். பழகிய இரும்புத் தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே தோசை எழும்பி வரும். உருளைக்கிழங்கு வறுவல் வாரம் ஒரு நாள் என்றானது. அப்பளத்தைத் தணலில் சுட்டோம். பஜ்ஜிக்குத் தடை போடவில்லை, ஆனால் அந்த எண்ணெயும் மூன்றரை லிட்டருக்குள்தான் வர வேண்டும். மழை பெய்யும் மாலைகளில் மாமனாரே பாட்டிலை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இன்றைக்குச் சுண்டலே போதும்" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்.

அடுத்தது காய்கறி. அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவன அளவுப்படி ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம், கீரையும் சேர்த்து. நால்வருக்கு 1.6 கிலோ. வீட்டுச் சமையலின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. பணமாகப் பார்த்தால் பெரிதில்லை. காலையில் தென்னூர் உழவர் சந்தைக்குப் போனால், வாழைத்தண்டு, சுரைக்காய், புடலங்காய், அவரை, இரண்டு கட்டுக் கீரை எல்லாம் நூறு ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். ஆனால் வாழைத்தண்டை நார் எடுத்து நறுக்கி மோரில் போடுவதும், கீரையை ஆய்வதும் முக்கால் மணி நேர வேலை. வீட்டுச் சாப்பாடு மலிவு என்று சொல்கிறவர்கள் இந்த முக்கால் மணி நேரத்துக்குக் கூலி போடுவதில்லை. எங்கள் வீட்டில் இரவுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே கணவர் நறுக்கித் தருகிறார், மாமியார் கீரை ஆய்கிறார். இந்த ஏற்பாடு இல்லாத வீட்டுக்கு நான் இந்த வழியைப் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒருத்தி தலையில் மொத்தமும் விழுந்தால் இதுவும் பேலியோ போன வழியே போகும்.

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதியில் பருப்போ முட்டையோ மீனோ. நம் ஊரில் இது தலைகீழாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பிப் புரதக் கணக்கு எழுத முடியாது. நவராத்திரிக்கு மட்டும் செய்துகொண்டிருந்த சுண்டலை வாரம் மூன்று நாள் மாலையில் வைத்ததும்தான் இரவுத் தோசை ஐந்திலிருந்து மூன்றானது.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சாமைச் சோறு சாப்பிட்டாலே இளைத்துவிடலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. சாமையோ வரகோ தினையோ, 100 கிராமுக்கு அரிசியைப்போலவே 350 கலோரியை ஒட்டித்தான் தருகின்றன. தவிடு நீக்காததில் நார்ச்சத்து கூடுதல், சீக்கிரம் நிறைவு வரும். அதற்காகச் சாப்பிடலாம். தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை என்பதும் இதே கதை.

பலன் என்ன? எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆகி ஒன்பது கிலோ குறைந்தது. இடுப்பு இன்னும் 80-க்குள் வரவில்லை, பக்கத்தில் வந்திருக்கிறது. கணவரின் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இறங்கியது. அவர் மாலையில் நடக்கவும் தொடங்கியிருந்ததால், எவ்வளவு சமையலால், எவ்வளவு நடையால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மாமியாருக்கு எடை குறையவில்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் அடங்கியது. ஊறுகாய் ஜாடி சாப்பாட்டு மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது காரணமாக இருக்கலாம்.

வேகம் வேண்டும் என்றால், உதாரணமாக அறுவைச் சிகிச்சைக்கு முன் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், வீட்டுச் சமையல் உங்களுக்கானது இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் பேலியோ போன்ற குறைமாவு உணவு பொருந்தலாம். 2025-இல் இந்தியாவுக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை. டப்பா யாருக்கு என்றால், கையில் பணமும் சமையலறை இல்லாத அறையும் உள்ளவர்களுக்கு. அப்போதும் இரு வேளைக்குமாக எடுங்கள், ஒரு வேளைக்கு எடுத்தால் எங்கள் ஐந்து தோசைக் கதைதான்.

தனியாக ஒரு வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிப்பது என்று தோழிகள் கேட்கிறார்கள். நான் தனியாக இருந்ததில்லை என்பதால் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்: குழம்பையும் ரசத்தையும் பார்சலாக வாங்கிக்கொள்ளுங்கள், சோற்றையும் காயையும் மட்டும் வீட்டில் வையுங்கள். அளவு தப்புவது சோற்றில், எண்ணெய் ஏறுவது பொரியலில். அந்த இரண்டும் உங்கள் கையில் இருந்தால், மீதியைக் கடைக்காரரிடம் விடலாம்.