ஆசிரியர் நியமனம்: தரவரிசைப் பட்டியலா, பள்ளியின் தேர்வா, உள்ளூர்க்காரரா?

அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம் காலியானால் அதை நிரப்ப உலகில் முக்கியமாக மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. மையமாகத் தேர்வு நடத்தித் தரவரிசைப்படி ஆளை அனுப்புவது ஒன்று. பள்ளியே விண்ணப்பம் வாங்கி, மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. அந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கும் பள்ளியில் ஏற்கெனவே உதவியாளராக இருப்பவர்களுக்கும் பயிற்சி கொடுத்து ஆசிரியராக்குவது மூன்றாவது. இவற்றைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் விண்ணப்பதாரரின் தரத்தைச் சுற்றியே நடக்கின்றன. வேலை கொடுக்கும் பள்ளிக்கு என்ன வலு இருக்கிறது, அதை எந்த வழி கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்த வலு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை என்பதற்குச் சிகாகோவின் அரசுப் பள்ளிகள் நல்ல சான்று. அவற்றின் சராசரி மதிப்பெண் அமெரிக்க நாட்டுச் சராசரிக்குக் கீழே இருந்தது. ஆனால் 2009 முதல் 2014 வரையிலான தேர்வு முடிவுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட 5 ஆண்டுகளில் அந்த மாணவர்கள் 6 ஆண்டுப் படிப்புக்கு ஈடாக முன்னேறியிருப்பதைக் கண்டார். சராசரி மதிப்பெண்ணில் குடும்பத்தின் வசதியே பெரிதும் வெளிப்படுகிறது. பள்ளியின் உழைப்பை அறிய முன்னேற்றத்தின் வேகத்தைப் பார்ப்பதே பொருத்தம். இப்படிப்பட்ட பள்ளி தன் விளம்பரத்தில் ‘சவால் நிறைந்த சூழல், அர்ப்பணிப்புள்ளோர் தேவை’ என்று எழுதிக்கொண்டால், தன்னைப் பார்த்து இரக்கப்பட வருபவர்களையே அது அழைத்துக்கொள்கிறது. அங்கே பல ஆண்டுகளாக ஊன்றியிருக்கும் ஆசிரியர்களைப் பற்றியோ, அண்ணனுக்கும் அக்காவுக்கும் பாடம் எடுத்த நினைவில் தம்பியின் போக்கைப் புரிந்துகொள்ளும் பழக்கத்தைப் பற்றியோ, யாரையும் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்வதால் பல மொழிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பற்றியோ விளம்பரத்தில் ஒரு வரியும் இருப்பதில்லை.

மையத் தேர்வின் பெருமை அதன் பாரபட்சமின்மை. பிரான்சில் 1766 முதல் இருந்துவரும் அக்ரேகாசியோன் என்னும் ஆசிரியர் தேர்வும், தென்கொரியாவின் ஆசிரியர் நியமனத் தேர்வும், யாருடைய பிள்ளை என்று கேட்காமல் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. தகுதியுள்ள ஒருவர் தொலைவில் உள்ள பள்ளிக்கும் வந்து சேருவார் என்ற உறுதியையும் இந்த முறை ஓரளவு தருகிறது. சிக்கல் தேர்வு முடிந்து இடம் ஒதுக்கும்போதுதான் தொடங்குகிறது. பிரான்சில் பணிமூப்பு உள்ளவர்கள் புள்ளிகளைச் சேர்த்து விரும்பிய இடத்துக்கு மாறிக்கொள்ள, புதிதாக வருபவர்களில் பெரும்பங்கினர் பாரிஸைச் சுற்றியுள்ள கிரெத்தேய், வெர்சாய் கல்வி மண்டலங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களில் பலருக்கு அந்தப் பள்ளி, அடுத்த இடமாறுதல் வரை காத்திருக்கும் இடம் மட்டுமே. ஜப்பானிலும் மாநில அளவிலான கல்வி வாரியங்களே தேர்வு நடத்துகின்றன என்றாலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா ஆசிரியரும் பள்ளி மாறியாக வேண்டும் என்பதால் எந்தப் பள்ளியும் தண்டனை இடமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே மையத் தேர்வை முழுவதும் குறை சொல்வது நியாயமில்லை. இடமாறுதல் விதியே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

பள்ளியே தேர்ந்தெடுக்கும் முறை இங்கிலாந்தில் வழக்கமாக உள்ளது. இதன் உயிர்நாடி மாதிரிப் பாடம். அதுவும் அதே பள்ளியின் குழந்தைகளுக்கு நடத்தும் மாதிரிப் பாடம். ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்த வந்த ஒருவரிடம், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒரு சிறுமி சொல்வதாக வைத்துக்கொள்வோம். உடனே அழித்துவிட்டு ஆறில் ஐந்து என்று எழுதுபவர் பாடத்தை அறிந்தவர். “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம், விடை அரையைவிடப் பெரிதாக இருக்குமா, சிறிதாக இருக்குமா?” என்று கேட்டு, ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு என்பதை அந்தச் சிறுமியே கண்டுபிடிக்க விடுபவர், அவள் யோசித்த விதத்தையும் மதிக்கிறார். எந்த எழுத்துத் தேர்வும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. வாஷிங்டன் நகர அரசுப் பள்ளிகளின் பணி நியமனத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, மாதிரிப் பாடத்தில் பெற்ற மதிப்பெண் ஒருவரின் பிற்காலச் செயல்திறனை நன்றாகவே முன்னுணர்த்துகிறது என்று கண்டது. வேடிக்கை என்னவென்றால், வேலை யாருக்குக் கிடைத்தது என்பதற்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு மெலிந்ததாகவே இருந்தது. கையில் நல்ல அளவுகோல் இருந்தும், முடிவு வேறு எதையோ வைத்து எடுக்கப்பட்டது. தலைமையாசிரியரின் ‘மனசுக்குப் பட்டது’ இந்த முறையின் நிரந்தர நோய். நிறைய விண்ணப்பங்கள் வரும் பள்ளி பொறுக்கி எடுக்கும். ஒரே விண்ணப்பம் வந்த பள்ளி கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை.

மூன்றாவது வழிக்கு ஆதாரம் வலுவானது. 1999 முதல் 2002 வரை நியூயார்க் மாநில அரசுப் பள்ளிகளில் புதிதாகப் பணியேற்றவர்களில் 61 விழுக்காட்டினர், தாங்கள் மேல்நிலைப் பள்ளி படித்த இடத்திலிருந்து 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டருக்குள்தான் வேலைக்குச் சேர்ந்தனர். ஊர்ப்பற்றை எதிர்த்துப் போராடுவதைவிட அதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். உள்ளூர்க்காரருக்குப் பள்ளியின் வலுவை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பட்டதாரிகள் குறைவாக உள்ள பகுதியில் இந்த வழி ஆளின்றித் திணறும். உறவினருக்கு வேலை என்ற பழைய கதையும் உடன் வரும். கென்யாவில் 2005-இல் பள்ளிக் குழுக்களே ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்திய சோதனைத் திட்டத்தில் அவர்களிடம் படித்த மாணவர்கள் நன்றாக முன்னேறினர். ஆனால் அங்கேயும் ஏற்கெனவே பணியில் இருந்த ஆசிரியர்களின் சொந்தக்காரர்கள் நுழைந்தனர். பின்னர் அதே ஏற்பாட்டைத் தொண்டு நிறுவனமும் அரசும் தனித்தனியே நடத்திப் பார்த்தபோது, தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் பலன் தொடர்ந்தது. அரசு நடத்திய இடங்களில் பலன் தென்படவில்லை.

இரண்டாண்டுப் பணிக்கு இளம் பட்டதாரிகளை அனுப்பும் திட்டங்களும் உண்டு. அமெரிக்காவில் 1990 முதல் நடப்பது அவற்றில் பெயர்பெற்றது. ஆள் கிடைக்காத இடத்துக்கு அது கைகொடுக்கும் என்றாலும், நீடித்த உறவையே பலமாகக் கொண்ட பள்ளிக்கு முதல் தெரிவாக அது பொருந்தாது.

என் கணிப்பில், தகுதியை உறுதிசெய்யும் வேலையை மையத் தேர்விடம் விட்டுவிட்டு, தேறியவர்களிலிருந்து ஆளைத் தேர்வு செய்யும் உரிமையைப் பள்ளிக்குத் தருவதே மற்றவற்றைவிட மேலானது. தனியாக நம்ப முடியாத அளவுக்கு உள்ளூர் வழி பலவீனமானது; ஆனால் மாதிரிப் பாடத்தில் சம மதிப்பெண் பெற்ற இருவருக்கிடையே அந்தப் பகுதியை அறிந்தவருக்கு முன்னுரிமை கொடுப்பதில் தவறில்லை. அந்த மதிப்பெண்களைப் பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், முடிவுக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பதாரர் ஒரு நாள் முழுவதும் பள்ளியில் இருந்து, இடைவேளையில் பணியாளர் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகவும் வாய்ப்புத் தர வேண்டும். வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர் சேருவதற்கு முன்பே விலகிக்கொள்வது பள்ளிக்கும் நல்லது. பல கல்வி அலுவலகங்கள் இதைச் செய்யாததற்குக் கல்வியாண்டு தொடங்கிய பிறகே நியமனத்தைத் தொடங்குவதும் ஒரு காரணம். அந்த நேரத்தில் நல்ல விண்ணப்பதாரர்கள் வேறிடத்தில் பணியேற்றிருப்பார்கள், எஞ்சிய பட்டியலில் மாதிரிப் பாடம் பார்த்துப் பொறுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.