தை மொழி ஊர்ப்பெயர்ச் சுவர்ப்படம்: எதை நம்பலாம், எதைத் திருத்த வேண்டும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு நடுவே ஒரு சிறிய அச்சுக்கடையில் இந்தச் சுவர்ப்படம் கிடைக்கிறது. தாய்லாந்து, லாவோஸ், பர்மாவின் ஷான் மாநிலம், யுன்னானின் தென்முனை, ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் அசாம். கூடவே ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் பொருள் சொல்லும் கையேடு. அட்டையில் 'தாய்மொழி ஊர்ப்பெயர்கள்' என்று போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் தமிழ் ஊர்ப்பெயர்ப் படம் என்று நினைத்துப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். தாய்லாந்து மொழி, லாவோ, ஷான் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைத் 'தை' என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இங்கே அப்படியே எழுதுகிறோம்.

வாங்கலாம். ஆனால் வாங்குகிறவர்கள் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கிற சிவப்பு எழுத்துப் பகுதிதான், அதாவது வடமொழிப் பெயர்கள்தான், இதில் பலவீனமான இடம். நீலமும் மஞ்சளும்தான் காசுக்குப் பெறுமானம்.

மஞ்சள் என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொற்கள். 'பான்' என்றால் ஊர், வீடு. 'மூவாங்' என்றால் நகரம், அதைச் சுற்றிய நாடு. 'சியாங்', 'வியாங்' இரண்டும் மதில் சூழ்ந்த நகரம். இந்தச் சொற்கள் எல்லை தாண்டும்போது எப்படி உருமாறுகின்றன என்பதை ஒரே நிறத்தில் காட்டியிருப்பது அருமையான வேலை. தாய்லாந்தில் மூவாங், ஷானில் மோங், யுன்னானில் சீன உச்சரிப்பில் மெங். சியாங் மாய் (1296இல் மங்ராய் மன்னர் எழுப்பிய 'புது நகரம்'), லாவோஸின் சியெங் குவாங், ஷானின் கெங்டுங், யுன்னானின் ஜிங்ஹோங் நான்கிலும் முதல் அசை ஒன்றேதான் என்பது படத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிடும். ஷான் ஊர்களுக்குப் பர்மிய வடிவத்தையும் அடைப்புக்குள் கொடுத்திருக்கிறார்கள். கெங்டுங்தான் கியாங்டோங், மோங் மிட்தான் மோமெய்க், சீப்போதான் திபோ. ரத்னகிரியில் சிறை வைக்கப்பட்ட திபோ மன்னரின் பெயர் இந்த ஊரிலிருந்து வந்தது.

நீலம் நீர்ப் பெயர்களுக்கு. 'நாம்' நீர், 'ஹுவாய்' ஓடை, 'நோங்' குளம், 'பூங்' சதுப்பு, 'பாக்' ஆற்றுவாய், 'சோப்' ஆறுகள் கூடுமிடம், 'தா' படகுத்துறை, 'பாங்' நீர்க்கரை ஊர். ஊருணியும் கண்மாயும் ஊர்ப்பெயரில் ஏறிய நம் சீமைக்காரருக்கு இது எளிதில் பிடிபடும். நோங் காய், பூங் கான், பாக்ஸே, சோப் ருவாக் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். லாவோஸில் மேகோங் கரையில் இருக்கும் தா கேக் தனியாகக் கவனிக்க வேண்டிய பெயர். 'கேக்' என்றால் விருந்தாளி, அயலார். இந்தியரையும் அப்படித்தான் சொல்வார்கள். பாங்காக் சீலோம் தெருவில் இருக்கும் நம் மாரியம்மன் கோயிலை ஊர்க்காரர்கள் 'வாட் கேக்' என்பதும் இதே சொல்தான். இதைக் கையேடு சொல்லாமல் விட்டது வியப்பு.

கையேட்டில் இல்லாத, ஆனால் படத்தைப் படிக்க மிகவும் உதவும் ஒரு வழி இருக்கிறது. தமிழில் வகைச்சொல் கடைசியில் வரும்: குன்றக்குடி, கோட்டையூர், புதுவயல். தை மொழிகளில் அது முதலில் வரும். குன்றக்குடியை அங்கே எழுதினால் 'பான் தோய்' என்றாகும் ('தோய்' வடக்கில் மலைக்குச் சொல்லும் சொல்), புதுவயல் 'நா மாய்' ஆகும். ஆகவே பெயரை எடுத்ததும் முதல் அசையைப் பாருங்கள். பான், நோங், சியாங் என்று வகைச்சொல் முன்னால் நின்றால் பெயரின் கட்டு தை மொழியுடையது. 'புரி', 'தானி' என்று பின்னால் நின்றால் வடமொழிக் கட்டு: காஞ்சனபுரி, உடோன் தானி. நகோன் சவான் போன்றவை இரண்டுங்கெட்டான். சொற்கள் நகரமும் சுவர்க்கமும்; வரிசை தை வரிசை. படம் இவற்றையும் முழுச் சிவப்பில் அடித்துவிட்டது. பாதி மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

சிவப்புப் பகுதியின் பெரிய குறை, ஒலி எப்படி மாறியது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லாதது. 'உடோன் என்றால் வடக்கு' என்று மட்டும் எழுதினால் யாருக்குப் புரியும்? விதி எளிது. வடமொழியின் ப அங்கே 'பஸ்' என்பதில் வரும் மெல்லோசை ஆகும். த அதேபோல 'டாக்டர்' என்பதன் முதல் ஒலிக்கு நெருங்கும். வடமொழியில் முன்பே மெல்லோசையாக இருப்பவை ('நகர'வின் க, 'ஜல'வின் ஜ போன்றவை) மூச்சுடன் வரும் வல்லோசைகள் ஆகும். சொல்லின் இறுதியில் நிற்கும் ர, ல இரண்டும் ன் ஆகிவிடும். இதை வைத்துக்கொண்டு பாருங்கள்: உத்தர உடோன் ஆகிறது, நகர நகோன் ஆகிறது, ஜலபுரி சோன்புரி ஆகிறது. தேவ என்பது 'தேப்' ஆகி, பாங்காக்கின் சொந்தப் பெயரான குருங் தேப்பில் நிற்கிறது. விஷ்ணுலோகம் பிட்சனுலோக், ஜயபூமி சாயபூம். விமான நிலையப் பலகையில் சுவர்ணபூமி என்று எழுதியிருந்தாலும் அங்குள்ளவர்கள் சுவன்னபூம் என்றுதான் சொல்வார்கள். ஓட்டுநரிடம் எழுத்துக்கூட்டிச் சொன்னால் விழிப்பார்.

சூரத் தானியை 'பழங்காலத் தமிழர் குடியேற்றம்' என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருப்பது அபத்தம். அந்தப் பெயர் 1915இல் வஜிராவுத் மன்னர் வைத்தது. குஜராத்தின் சூரத் நகரை நினைத்து வைத்தார். அங்குள்ள ஆற்றுக்கும் தப்தியை ஒட்டித் தாபி என்று பெயரிட்டார். நகோன் பதோம் என்ற பெயரும் அவர் காலத்தியதே. வடமொழிப் பெயர் என்றாலே பழமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல பெயர்கள் அரண்மனையிலிருந்து வந்தவை.

தென் தாய்லாந்தின் தகுவா பா பற்றிய பதிவும் அப்படித்தான். ராஜேந்திர சோழன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் தலைத்தக்கோலம் இதுவே என்று முடித்துவிட்டார்கள். பல அறிஞர்கள் அப்படிக் கருதுகிறார்கள் என்பது உண்மை. அவனி நாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரையும் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்ததும் உண்மை. ஆனால் தாய்லாந்து மொழியில் 'தகுவா' ஈயம், 'பா' காடு. பக்கத்திலேயே தகுவா துங் இருக்கிறது, 'துங்' என்றால் வெளி. பழைய பெயரின் ஒலிக்குப் பின்னால் வந்தவர்கள் தம் மொழியில் பொருள் கண்டிருக்கலாம். இரண்டையும் எழுதி வாசகரிடம் விட்டிருக்க வேண்டும். பாங்காக்குக்கும் இதே கதி. 'கோக்' என்பது மகோக் என்னும் புளிப்புக் காய் மரமா, தீவைக் குறிக்கும் 'கோ'வா என்பது தீராத வழக்கு. கையேடு மரத்தை மட்டும் சொல்கிறது.

பென்சிலால் திருத்திக்கொள்ள வேண்டியவை: 'தோன்' என்பதற்குத் தீவு என்று ஒரே பொருள் கொடுத்திருக்கிறார்கள். லாவோஸில் சரி, சீ பான் தோன் என்றால் நாலாயிரம் தீவுகள். தாய்லாந்தில் அது மேட்டு நிலம். தோன் மூவாங் விமான நிலையம் தீவில் இல்லை. 'ஃபுகெட்', 'ஃபிட்சனுலோக்' என்று ஆய்தம் போட்டது ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த வினை. அங்கே அது மூச்சுடன் வரும் ப மட்டுமே. (பூகெட்டை மலாய் 'புக்கிட்', குன்று, என்று சாம்பல் நிறத்தில் காட்டியது சரி.) 'காவ்' என்று அச்சானால் மலையா, சோறா, வெள்ளையா என்பது தொனியையும் உயிரொலியின் நீளத்தையும் பொறுத்தது. இவற்றைக் காட்டும் குறி எங்கும் இல்லாததால், பொருள் பட்டியலை வைத்து நீங்களாக ஊர்ப்பெயர்களைப் பிரிக்கப் போகாதீர்கள்.

அசாம் பெட்டி வீண். தை மொழி பேசிய இளவரசர் சுகாபா 1228இல் வந்து சேர்ந்த அஹோம் நாட்டுக்கு உள்ளங்கை அளவு இடம். நாம்டாங்கும், அருணாசலத்தின் நாம்சாயும் 'நாம்' என்ற நீர்ச்சொல்லைத் தாங்கி நிற்பதையாவது காட்டியிருக்கலாம்.

இன்னொன்று. வீட்டிலிருக்கும் பழைய பேரேட்டையும் உண்டியல் என்ற பணமாற்றுத் தாள்களையும் வைத்துக்கொண்டு பாட்டையா கடை இருந்த ஊரைத் தேடுகிறவர்கள் இதை நம்பி வாங்க வேண்டாம். பர்மாவில் நகரத்தார் கடைகள் பெரும்பாலும் கீழ்ப் பர்மாவில். ரங்கூன், மோல்மேன், பசேன் எல்லாம் மோன், பர்மியப் பெயர்கள். இந்தப் படத்தின் எல்லைக்கே வெளியே. சைகோனும் இல்லை.

மடித்த பிரதியும் சுருட்டிய பிரதியும் விற்கிறார்கள். மடிப்பு சரியாக லாவோஸ் தலைநகர் வியஞ்சான் மேல் விழுகிறது. நாலைந்து முறை விரித்தால் மை உதிர்ந்து, மேகோங் கரை ஊர்கள் வெள்ளைக் கோடாகிவிடும். கூடுதலாகக் கொடுத்துச் சுருட்டியதையே வாங்குங்கள். பளபளப்பு உறை வேண்டாம், வளவு வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. முட்டைப் பூச்சுச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பாளமாகப் பெயரும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து நிலைப்படியிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவதே சரி. கையேட்டைத் தனியாகக் கேட்டால் தருவதில்லை.