தில்லி தேசியப் போர் நினைவிடம்: ஒரு மாலைப் பொழுதில் பார்த்தது

தில்லிக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பலர் இந்தியா கேட் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நடந்தே போகக்கூடிய தொலைவில், 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. உலகளாவிய வடிவமைப்புப் போட்டியில் தேர்வான இதன் வரைவு சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசனுடையது என்பது நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாத செய்தி. நுழைவுக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பாராட்ட வேண்டியது இதன் அடக்கத்தை. இந்தியா கேட்டோடு உயரத்தில் போட்டியிடாமல், ஒன்றையொன்று சூழ்ந்த நான்கு வட்டங்களாக இது விரிந்து கிடக்கிறது. நடுவில் 15.5 மீட்டர் உயரத் தூணும் அணையாச் சுடரும். 1972 முதல் இந்தியா கேட்டின் கீழ் எரிந்துவந்த சுடரை 2022 ஜனவரியில் கொண்டுவந்து இதோடு இணைத்தார்கள். அந்த இணைப்பு தேவைதானா என்ற விவாதம் அப்போதே நடந்தது. ஐம்பது ஆண்டு எரிந்த தீயை அதே இடத்தில் விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

நினைவிடத்தின் உயிர் இருப்பது அந்த நான்கு வட்டங்களுள் ஒன்றான தியாக சக்கரத்தில். விடுதலைக்குப் பிறகு போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் உயிரிழந்த ஏறத்தாழ 26,000 வீரர்களின் பெயர்கள், ஒரு செங்கல் அளவு கருங்கல் பலகை ஒருவருக்கு என்ற கணக்கில், வட்டச் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் இல்லை. 2020 ஜூனில் கல்வானில் இறந்த இருபது பேரின் பெயர்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. 26,000 என்பதைச் செய்தித்தாளில் ஒரு நொடியில் படித்துவிடுகிறோம். இங்கே அதே எண்ணைக் காலால் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது, பாதிச் சுற்றுக்குள்ளாகவே படிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே நடக்கத் தொடங்கிவிடுகிறோம்.

என் குறை இன்னொரு வட்டமான வீரதா சக்கரத்தில் தொடங்குகிறது. அங்குள்ள ஆறு வெண்கலச் சித்திரங்களை ராம் சுதார் வடித்திருக்கிறார். வேலைப்பாட்டில் பழுது சொல்ல முடியாது. ஆனால் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் சீனப் படையோடு நடந்த சண்டையைக் காட்டும் சித்திரத்தின் முன் நிற்பவருக்குத் தெரிவது வீரம் மட்டுமே. 1962 நவம்பர் 18 அன்று அங்கே நின்ற, ஏறத்தாழ 120 பேர் கொண்ட குமாவோன் ரெஜிமென்டின் படைப்பிரிவில் 110க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை பழைய .303 துப்பாக்கிகள், உடுத்தியிருந்தவை அந்தக் குளிருக்குப் போதாத உடைகள், இடையில் மலைமுகடு மறித்ததால் பீரங்கி ஆதரவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. அந்தச் சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை முழுமையாக வெளியிடவில்லை. கடைசித் தோட்டா வரை போராடினார்கள் என்று வெண்கலத்தில் வார்க்கும் நாடு, அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது அல்லவா?

1984இல் சியாச்சினைக் கைப்பற்றிய மேகதூத் நடவடிக்கையின் சித்திரமும் அப்படித்தான். அந்தப் பனியாற்றில் குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்களே அதிகம். 2003இல் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் சாவு ஓயவில்லை. 2016 பிப்ரவரியில் சோனம் காவல்சாவடி பனியில் புதைந்தபோது, மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். எதிர்ப்புறத்தில் 2012 ஏப்ரலில் கயாரி முகாமை மூடிய பனிச்சரிவு பாகிஸ்தான் தரப்பில் 140 பேரைக் கொண்டுபோனது. புல்லும் முளைக்காத அந்த உயரத்தில் இரு நாடுகளும் ஆட்களை நிறுத்தி வைப்பதற்கான விலையில் இதுவும் சேர்த்தி. சித்திரத்தில் ஏற்றமும் வெற்றியும் இருக்கின்றன, பனிச்சரிவு இல்லை.

போர்க்கால வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் தனி வளாகத்தில் உள்ளன. தமிழ் வாசகருக்கு அங்கே கடக்கக் கடினமான சிலை மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது. அமைதி காக்க என்று இந்தியப் படையோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டு, 1987 நவம்பர் 25 அன்று புலிகளுடனான மோதலில் இறந்தவர். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. 1990இல் எஞ்சியவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அதே 1987இன் அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினரால் கொல்லப்பட்ட நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் தில்லியில் கல் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் இந்த இடத்தின் வரையறைக்குப் பொருந்தாது. ஆயினும் அந்தச் சிலையின் முன் மரியாதையாகத் தலை குனிந்தபோது, அந்த மருத்துவமனையும் கூடவே நினைவுக்கு வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

போக விரும்புவோர் குளிர்காலப் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் கருங்கல் தரை காலைச் சுட்டுவிடும். சூரியன் மறையும் வேளையில், உயிரிழந்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கும் சிறு நிகழ்ச்சி நடக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சென்று, சித்திரங்களுக்கு முன்னதாகப் பெயர்ச் சுவர்களைச் சுற்றி வாருங்கள். உங்கள் ஊர்க்காரர் யாருடைய பெயராவது அங்கே இருக்குமென்றால், அவருடைய பட்டாலியன் எது, இறந்த ஆண்டு எது என்பதை அவர் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது.