கிராவல் லோடு இறக்குபவர்கள் கவனத்திற்கு: சதுர அடியைக் கன அடியாக்கும் பில்

காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பை ஒட்டி என் அக்கா கட்டியுள்ள வீட்டின் முன்வாசல் தாழ்வாக இருந்து மழைநீர் தேங்கியதால், காம்பவுண்டுக்குள் அரை அடி உயரத்துக்குக் கிராவல் (சரளை மண்) கொட்டிச் சமன்படுத்தித் தரும்படி கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒருவரிடம் யூனிட் கணக்கில் விலை பேசினோம். வேலை முடிந்ததும் அவர் கொடுத்த பில்லில், கார்பன் தாள் வைத்து எழுதிய ஒரே வரிதான் இருந்தது: "40 x 30 = 1200 அடி, 12 யூனிட்."

யூனிட் என்பது 100 கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால்தான் அது கிடைக்கும். 40 அடி நீளமும் 30 அடி அகலமும் பெருக்கி வரும் 1200 என்பது தரையின் பரப்பு மட்டுமே. அதில் அரை அடி உயரத்துக்குக் கொட்டினால் 600 கன அடி, அதாவது 6 யூனிட். உதிரியாகக் கொட்டும் மண் ரோலர் ஓட்டியபின் இறுகும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கூடுதலாகக் கேட்டால்கூட ஏழரை யூனிட்டுக்கு மேல் நியாயமில்லை. உண்மையிலேயே 12 யூனிட் இறங்கியிருந்தால், இறுகிய பிறகும் வாசல் ஒன்பது அங்குலத்துக்கு மேல் மேடாகியிருக்க வேண்டும். கடப்பாரையால் பல இடங்களில் குத்தி அளந்தபோது எங்குமே ஆறு அங்குலத்தைத் தாண்டவில்லை.

இதைக் கேட்டதற்கு, "மூணு யூனிட் வண்டி சார், நாலு லோடு வந்திருக்கு, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார். இரண்டு கணக்கும் 12 என்றே பொருந்தி வருவதால் கேட்பவர் வாயடைத்துப் போவார். மறுநாள் அதே டிப்பர் பக்கத்து மனைக்கு வந்தபோது, டிரைவரிடம் சொல்லிவிட்டு பாடியின் உள்பக்கத்தை டேப்பால் அளந்தேன்: நீளம் 11, அகலம் 7, உயரம் இரண்டரை அடி. ஆக 192.5 கன அடி. இரண்டு யூனிட்கூட முழுமையாக இல்லை. இதைக் கைத்தவறு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தளம் போடும்போது இதே வித்தை தலைகீழாக நடக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலியும் பொருளும் சேர்த்துப் பேசுகிற காண்டிராக்டர், ஐந்து அங்குலக் கனத்துக்குப் பதில் நாலரை அங்குலம் போட்டாலும் பில் மாறாது, ஆனால் கான்கிரீட்டில் பத்தில் ஒரு பங்கு நம் கூரைக்கு வந்திருக்காது. 1000 சதுர அடித் தளம் ஐந்து அங்குலக் கனத்தில் ஏறக்குறைய 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) வாங்குபவர்கள் வண்டியோடு வரும் சீட்டுகளில் உள்ள அளவுகளின் கூட்டுத்தொகையை இதனோடு ஒப்பிடலாம்.

எனவே லோடு சொல்லும்போதே வண்டியின் உள்ளளவு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கொட்டும் முன் அளந்து, வண்டி எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எங்களுக்கு அவர் ஒரு லோடுக்கான தொகையைக் கழித்ததோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மீதிக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லுடனும் படங்களுடனும் புகார் பதிந்திருக்கிறோம்.